பளிச்சு மாமா பெருக்கிய ஆறு

என் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாமா உட்காரவே இல்லை. சுவர்க் கடிகாரம் அரை விரல் அளவுக்குச் சாய்ந்திருந்தது. பேசிக்கொண்டே எழுந்து போய் அதை நேராக்கினார். திரும்பி வரும் வழியில் அலமாரியில் இருந்த டம்ளர்களை உயரவாரியாக அடுக்கினார். அப்பா என் பக்கம் சாய்ந்து, "இவருக்குச் சம்பளம் ஏதாவது தரணுமாடா?" என்று மெதுவாகக் கேட்டார். அன்றைக்கே எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப் போனது. எரிச்சலும் அன்றைக்கே ஆரம்பித்தது. பதினெட்டு வருஷமாக இரண்டும் எனக்குள் சண்டை போடாமல் குடித்தனம் நடத்துகின்றன.

வருஷத்தில் ஐந்து மாதம் அவர் பெயின்டர். மீதி ஏழு மாதம், ஆற்றில் தண்ணீர் சரியான அளவுக்கு இருக்கும் காலத்தில், ரப்பர் படகு ஓட்டுபவர். வெளியூர்க்காரர்களை ஏழு பேர், எட்டுப் பேராக ஏற்றிக்கொண்டு மேல் துறையில் தொடங்கி, பதினான்கு கிலோமீட்டர் கீழே கொண்டுபோய் இறக்க வேண்டும். வழியில் எட்டு இடங்களில் தண்ணீர் பாறைகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு இறங்கும். அவற்றை நாங்கள் பாய்ச்சல் என்போம். ஊர்ப் பாலத்துக்கு மேலே ஐந்து, கீழே மூன்று. கீழே இருக்கும் மூன்றுக்காகத்தான் ஆட்கள் வருகிறார்கள். மேலே உள்ளவை பயத்தைப் பழக்குவதற்கு. நான் அதே படகுக் கொட்டகையில் கிழிந்த படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன். ஆள் குறைந்தால் துடுப்பும் பிடிப்பேன்.

கொட்டகை பாலத்தடியில் இருக்கிறது. உள்ளே போனால் ரப்பர் பசையும் காயாத துணியும் சேர்ந்த வாசனை மூக்கைத் துளைக்கும். அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. சங்கத் தலைவர் தவளை. மாமா பளிச்சு. அவர் மாட்டிய லைஃப் ஜாக்கெட்டுகளில் எல்லா ஜிப்பும் ஒரே பக்கம் பார்க்கும். படகில் ஏறுகிறவர்களைச் செருப்பு மண்ணைத் தட்டிவிட்டு ஏறச் சொல்வார். ஐந்து நிமிஷத்தில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கப்போகிற படகு அது. சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஆனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் அவர் வேறு ஆள். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னால் படகைக் கரையில் நிறுத்திவிட்டு, ஒரு பாறைமேல் ஏறி நின்று பார்ப்பார். தினமும் பார்த்த பாய்ச்சல்தான். அன்றுதான் முதலில் பார்ப்பதுபோல் பார்ப்பார். படகில் இருக்கும் எட்டுப் பேரும் கத்திக் கூப்பாடு போட, இவர் குரல் மட்டும் ஏறவே ஏறாது. "இடது பக்கம் ரெண்டு தள்ளு. போதும். இப்போ சும்மா இருங்க, அதுவே கொண்டுபோகும்." பதினாறு வருஷத்தில் அவர் படகு நாலு தடவைதான் கவிழ்ந்திருக்கிறது. நாலு தடவையும் எல்லோரையும் ஒவ்வொருவராக இழுத்துப் போட்டுவிட்டு, சட்டையில் டீயைக் கொட்டிவிட்டவர் மாதிரி ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

இப்படிப்பட்டவர்தான் அந்த ஆற்றையே தொலைக்கப் பார்த்தார். வேண்டுமென்று செய்யவில்லை. ஆசையில் செய்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மின்சாரக் கம்பெனிக்காரர்கள் வந்து கரையில் கம்பம் நட்டார்கள். மேல் துறையில் ஒரு சுவர் கட்டி, மலைக்குள் சுரங்கம் தோண்டி, மொத்தத் தண்ணீரையும் குழாய்க்குள் விட்டுக் கீழே கொண்டுபோய்க் கரண்ட் எடுக்கிற திட்டம். நடுவில் உள்ள பதினான்கு கிலோமீட்டரும் வெறும் கல்லாகக் கிடக்கும். சங்கத்தில் இருபத்தாறு குடும்பம். தலையில் கல்லைத் தூக்கிப் போட்டமாதிரி இருந்தது எங்களுக்கு. அப்போதுதான் ஆறுகளைப் படிக்கிற ஒரு மேடம் வந்தார். மனிதக் கை படாத ஆறுகளைக் காப்பாற்ற ஒரு சட்டம் இருக்கிறது, அதில் இந்த ஆறு சேர்ந்துவிட்டால் சுவரும் வராது, சுரங்கமும் வராது, படகு மட்டும் போகலாம் என்றார். முதலில் தான் ஆராய்ந்து ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும், பிறகு ஒரு குழு நேரில் வந்து பார்க்கும், அதற்குப் பிறகு விசாரணை என்று சொன்னார்.

மேடத்தைப் படகில் கூட்டிப் போனது மாமாதான். பாலத்துக்குக் கீழே, ஆறாவது பாய்ச்சல் தாண்டினால் ஒரு மடு வரும். தண்ணீர் அங்கே ஆழமாக, பச்சையாக, சத்தமில்லாமல் நிற்கும். கரையிலிருந்து ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து, தலையை மடுவுக்குள் விட்டுக்கொண்டு பதினொரு வருஷமாகக் கிடந்தது. மேடம் அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். அடியில் கண்ணாடி வைத்த ஒரு வாளியைத் தண்ணீரில் அழுத்தி மாமாவையும் பார்க்கச் சொன்னார். விரல் நீள மீன் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் நின்றனவாம். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இதே பேச்சு. "ஒண்ணுகூட வரிசை மாறல மாப்ள. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கிட்டு நிக்குது." அவருக்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

மறுவருஷம் கடிதம் வந்தது. மூன்று பேர் குழு, இன்ன தேதியில், இயற்கை நிலையைப் பார்வையிட வருகிறது. தவளை கொட்டகையில் நின்று சத்தமாகப் படித்தார். வருகிறவர்களுக்கு நம் ஆறு நல்லபடியாகத் தெரிய வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். ஒரு நாள் முழுக்க இருபத்தாறு பேரும் பாட்டிலும் பிளாஸ்டிக் பையும் பொறுக்கினோம். மறுநாள் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மாமா மட்டும் கரையில் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, பெரிய மனுஷங்க வர்றாங்க. இப்படியா போட்டு வைக்கிறது?"

"ஆறு மாமா அது. வேற எப்படிப் போட்டு வைப்பாங்க?"

"நீ சும்மா இரு."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பதினாறு நாள் அவரோடு உழைத்தேன். மேல் துறையில் கல் பொறுக்கிப் படி கட்டினோம். வழுக்கி விழக்கூடாதென்று பாறை விளிம்புகளுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு பாறையில் நீலத்தில் எண் எழுதி, எண்ணுக்கு நிழலும் போட்டார். எட்டாம் எண் அவருக்குத் திருப்தியாக வரவில்லை. அழித்து மறுபடியும் எழுதினார். தண்ணீர்மேல் தாழ்ந்து தொங்கிய கிளைகளை, பார்பர் முடி வெட்டுகிற மாதிரி ஒரே மட்டத்துக்கு வெட்டிவிட்டார்.

கடைசியாக மடுவுக்கு வந்தோம். கறுத்துப்போய், ஒரு பக்கம் உளுத்து, கிளையெல்லாம் கந்தலும் சருகும் மாட்டிக்கொண்டு கிடந்தது அந்த மரம். படகுக்கு இடைஞ்சல் இல்லை. அது ஓரமாகத்தான் கிடந்தது. மாமாவுக்குத்தான் கண்ணை உறுத்தியது.

"மேடம் மீனைத்தான் காட்டப்போறாங்க. இது நடுவுல மறைச்சுக்கிட்டு நிக்குது பாரு. இதை எடுத்துட்டா, வாளியே வேண்டாம், வர்றவங்களுக்கு மேலேருந்தே மீன் தெரியும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு கொட்டகையில் எல்லோரும் அவர் ஒருவரையே பேசினார்கள். மரக்கடையிலிருந்து இரண்டு பக்கமும் ஆள் பிடித்து இழுக்கிற பெரிய ரம்பத்தை நான்தான் போய் வாங்கி வந்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று நாலு நாள் அறுத்தோம். அறுத்த துண்டுகளையும் கரையிலிருந்து பெயர்த்த வேர்க்கட்டையையும் ஒவ்வொன்றாக மிதக்கவிட்டு, கீழ்த் துறையில் ஏற்றினோம். பேக்கரிக்காரர் அடுப்புக்குக் கேட்டார், கொடுத்துவிட்டோம். வேலை முடிந்த சாயங்காலம் மடுவைப் பார்த்து மாமா சிரித்த சிரிப்பு, சொந்த வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடித்தவனின் சிரிப்பு. மீன் ஒன்றும் தெரியவில்லை. சத்தத்துக்குப் பயந்து ஒதுங்கியிருக்கும், இரண்டு நாளில் வந்துவிடும் என்றார்.

குழு வருவதற்கு நாலு நாள் முன்னால் மேடம் போன் செய்தார். மாமா கையெல்லாம் சுண்ணாம்பு. நான்தான் போனை அவர் காதருகில் பிடித்தேன், ஸ்பீக்கரில்.

"அண்ணா, மூணு பேர் வர்றாங்க. முதல்ல அந்த விழுந்த மரத்துக்குத்தான் கூட்டிட்டுப் போகணும். என் அறிக்கையில பாதி அந்த மரந்தான். மீன் எல்லாம் அதோட கிளைக்குள்ளதான் முட்டை போடுது. மரம் இல்லன்னா அந்த மடுவுல ஒண்ணுமே இல்ல. யாரும் கை வைக்காத ஆறுன்னு சொல்றதுக்கு அதைவிடச் சாட்சி வேணுமா?"

மாமா என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா? எல்லாம் அப்படியே இருக்குல்ல?"

"தண்ணி நல்லா இருக்குங்க மேடம்" என்றார் மாமா.

போனை வைத்தபின் அவர் முகத்தில் ஈயாடவில்லை. பம்ப் பெட்டிமேல் உட்கார்ந்து, காய்ந்து வெடித்த சுண்ணாம்பைக் கையிலிருந்து உரித்துக்கொண்டே இருந்தார். எனக்குத் திட்டத்தான் வாய் வந்தது. "கை சும்மா இருக்காதா உங்களுக்கு? உலகத்துல யாராவது ஆத்தைப் பெருக்குவாங்களா?" என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டினார். திருப்பிக் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

நாலு நாளும் கம்பி பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தோம். சுண்ணாம்பு போனது, எண்கள் போயின, படிக்கல்லைப் பெயர்த்துத் திரும்பக் கலைத்துப் போட்டோம். கலைத்துப் போடுவதற்கு மாமாவுக்கு வரவில்லை. அவர் எறிந்த கல்கூட வரிசையாகப் போய் விழுந்தது. மரத்தை மட்டும் என்ன செய்வது? அது பேக்கரி அடுப்பில் ரொட்டியாகிவிட்டது. இடையில் ஒரு நாள் சின்னதாக வெள்ளம் வந்து வடிந்திருந்தது. நான்தான் சொன்னேன்.

"வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிடலாம்."

தவளையும் மற்றவர்களும் உடனே தலையாட்டினார்கள். மாமா மட்டும் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

குழு வந்தது. மடுவில் படகு திரும்பியதும் மேடம் எழுந்து நின்றுவிட்டார். ஓடும் படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா? அதையும் மறந்து நின்றார். கரையில் ஒரு பள்ளமும் பச்சைத் தண்ணீரும் தவிர ஒன்றுமில்லை.

"மரம் எங்க?"

பின்னால் உட்கார்ந்திருந்த மாமாவின் துடுப்பு நின்றது. நான் முந்திக்கொண்டேன். "போன வெள்ளத்துல போயிடுச்சு மேடம்."

மேடம் வெகுநேரம் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழுவைப் பார்த்து, "வெள்ளம் கொண்டுபோனா அது ஆத்தோட வேலை, நாம ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். குரல் கம்மியிருந்தது. குழுவினர் எழுதிக்கொண்டார்கள். பொய் பலித்துவிட்டது. அன்று கொட்டகையில் தவளை எனக்குக் கேக் வாங்கிக் கொடுத்தார். அதே பேக்கரி கேக். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

விசாரணைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த மாதம் முழுக்க மாமா எதையும் நேராக்கவில்லை. ஜாக்கெட்டுகளைக் கண்டபடி மாட்டினார். வீட்டில் துண்டு கொடியில் முறுக்கிக்கொண்டு தொங்கியது, கண்டும் காணாமல் தாண்டிப் போனார். தபால் ஆபீஸ் கவுன்டரில் பகலெல்லாம் ஆயிரம் பேர் முகத்தைப் பார்க்கிறவள் என் அக்கா. அவளிடம் எதை மறைக்க முடியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு நிற்க வைத்தாள்.

"என்னடா பண்ணி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?"

சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "மரத்தை அறுத்தது அவர் தப்பு. அதுக்கு அவர் அழுதா நான் சமாதானம் பண்ணிடுவேன். பொய் உன்னோடது. அதையும் அவர் தலையில வச்சிருக்கே."

"ஆறு பிழைக்கணும்ல அக்கா?"

"பிழைக்கட்டும். அவரு?"

எனக்குக் கோபம் வந்தது. சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

விசாரணை ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. நீள மேசை, கறகறவென்று சுற்றும் மின்விசிறி, கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலிகள். மேசைக்குப் பின்னால் தலைவர், வெள்ளைத் தலைமுடி, மூக்கு நுனியில் கண்ணாடி. நாங்கள் இருபத்தாறு பேரும் இஸ்திரி போட்ட சட்டையில் கடைசி மூன்று வரிசையில் உட்கார்ந்திருந்தோம். முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு கம்பெனியின் இன்ஜினியர் எழுந்தார். சத்தம் போடாத மனிதர். மேடத்தின் அறிக்கையை விரித்து ஒரு பக்கத்தைத் தட்டினார்.

"சார், இவங்க எழுதியிருக்காங்க. இந்த மரம் பதினொரு வருஷமா எந்த வெள்ளத்துக்கும் அசையல, மீன் இனப்பெருக்கத்துக்கு நிரந்தரமான இடம்னு. இந்த வருஷம் வந்தது, பதினொரு வருஷத்துலயே சின்ன வெள்ளம். அளவு இங்க இருக்கு. அதுக்கே மரம் போயிடுச்சு. அப்போ ஒண்ணு, அது பதினொரு வருஷம் அங்க இல்ல. இல்லன்னா இவங்க ஆத்தோட வேகத்தைத் தப்பா அளந்திருக்காங்க. ஒரு பக்கம் தப்புன்னா மீதிப் பக்கத்தை எப்படி நம்புறது?"

தலைவர் மேடத்தைப் பார்த்தார். "என்ன சொல்றீங்க?"

மேடம் எழுந்தார். கையில் இருந்த தாள்களைப் புரட்டினார், மறுபடியும் புரட்டினார். "நான் சரியாத்தான் அளந்தேன் சார். மரம் எப்படிப் போச்சுன்னு எனக்கே புரியல."

"புரியலன்னா எப்படிம்மா?"

அவர் நின்றுகொண்டே இருந்தார். ஒரு வருஷத்துக்கும் மேலாக எங்கள் ஆற்றுக்காக அலைந்த பெண், இருபத்தாறு ஆண்பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்திருக்க, பொய் சொன்னவள் மாதிரி தனியாக நின்றார். பொய் நான் சொன்னது. என் காது சுட்டது. தவளை என் தொடையை அழுத்தினார், வாயைத் திறக்காதே என்று. திறக்கிற எண்ணம் எனக்கு இல்லவும் இல்லை.

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. மாமா எழுந்துவிட்டார்.

"மரம் போகல சார். நான் அறுத்தேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க யாரு?"

"படகு ஓட்டுறவன் சார். பெயின்டும் அடிப்பேன். மேடம் எழுதினது எல்லாம் சரி. அந்த மரம் பதினொரு வருஷம் அங்கதான் இருந்துச்சு. எத்தனையோ பெரிய வெள்ளம் வந்துச்சு, ஒரு விரல் நகரல. நான்தான் அறுத்தேன்."

"படகுக்கு ஆபத்தா இருந்துச்சா?"

தலைவர் நல்ல மனிதர். தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்தார். அந்தக் கதவு வழியாக ஓடுங்கள் மாமா என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

"இல்லீங்க சார். ஒரு இடைஞ்சலும் இல்ல. பார்க்க நல்லா இல்லன்னு எடுத்தேன்." அவர் எச்சில் விழுங்கினார். "வீட்டுக்கு யாராவது வர்றாங்கன்னா கூட்டிப் பெருக்குவோம்ல சார். அப்படித்தான் நினைச்சேன். அது எங்க வீடு இல்லன்னு தோணல. மீனுங்க வீட்டுக்குள்ள போய், கேக்காம கொள்ளாம, அதுங்க கட்டிலைத் தூக்கி வெளிய போட்டுட்டேன்."

யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு பெரிய மரத்தை நீங்க ஒருத்தராவா அறுத்தீங்க?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"ஆமா சார். ஒருத்தனாத்தான்."

"யாரும் கூட இல்லையா?"

"இல்ல சார்."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கண்ணைக்கூட அசைக்கவில்லை. பொய்யே வராத மனிதர், முதல் முறையாகச் சொல்கிற பொய்யை எனக்காகச் சொல்கிறார். அதுவும் எவ்வளவு மோசமாகச் சொல்கிறார்! காதெல்லாம் சிவந்து கிடந்தது, ஒரு குழந்தைகூட நம்பாது. எழுந்திருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்ததாக நினைவில்லை. தவளையின் கையைத் தள்ளிவிட்டது மட்டும் நினைவிருக்கிறது.

"ரம்பத்துக்கு மறுபக்கம் நான் சார். வெள்ளம்னு பொய் சொன்னதும் நான்தான். அவர் சொல்லல."

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் மாமா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "உன்னை யாருடா எழுந்திரிக்கச் சொன்னது? உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று திட்டினார். திட்டிக்கொண்டே, கசங்கிய என் காலரை நீவிச் சரிசெய்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் நேராக்கிய முதல் பொருள் அதுதான். மேடம் எங்களைத் தாண்டிப் போனவர் நின்று திரும்பினார். "அன்னைக்குப் போன்லயே சொல்லியிருக்கலாமே அண்ணா."

"பயந்துட்டேன் மேடம்."

"எனக்கு இன்னும் கோபம் போகல." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

நாற்பது நாள் கழித்து உத்தரவு வந்தது. தவளை கொட்டகையில் நின்று படித்தார். மரம் தானாகப் போகவில்லை என்பது தெரிந்ததால் மேடத்தின் அளவுகள் சரி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஆறு பாதுகாக்கப்பட்டது. மேல் துறை முதல் கீழ்த் துறை வரை பதினான்கு கிலோமீட்டரிலும் சுவர் கிடையாது, சுரங்கம் கிடையாது. கொட்டகையே அதிர்ந்தது, துள்ளிக் குதித்தார்கள். தவளை கையைக் காட்டி அடக்கிவிட்டு மீதியைப் படித்தார். மனிதக் கையால் கெட்டுப்போன மடு மறுபடியும் தேறுவதற்காக, பாலத்துக்குக் கீழே மூன்று வருஷம் யாரும் இறங்கக் கூடாது, படகும் போகக் கூடாது. மரத்தை அறுத்த இருவரும் வரப்போகும் பருவம் முழுக்கப் படகு வேலை செய்யக் கூடாது.

கீழே உள்ள மூன்று பாய்ச்சல்தான் எங்கள் பிழைப்பில் பாதி. துள்ளியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் மாமாவைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். அதற்குத் திட்டியிருக்கலாம். மாமா தன் ஹெல்மெட்டை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே வந்தார். பதினாறு வருஷம் ஒரே படகில் நனைந்தவர்கள், அதன் பிறகு தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் தாண்டிப் போனார்கள். தவளை அக்காவிடம் தபால்தலை வாங்கும்போதுகூடத் தலை நிமிரவில்லையாம். ஆறு பிழைத்ததே, அது போதும் என்று மட்டும் மாமா சொல்வார். சொல்லும்போது முகம் வேறு சொல்லும்.

பருவம் தொடங்கியது. நானும் அவரும் பெயின்ட் வேலைக்குப் போனோம். பாலத்தை ஒட்டினாற்போல் ஒரு பள்ளிக்கூடம், அதன் ஆற்றுப்பக்கச் சுவர். மாமா ஏணியின் உச்சியில். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு பிழைப்பு எனக்குத் தேவையா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணி சுமாருக்கு அந்த வருஷத்தின் முதல் படகுகள் ஐந்தாவது பாய்ச்சலைத் தாண்டி வரும் சத்தம் கேட்டது. பயணிகள் கத்தினார்கள். மாமா பிரஷ்ஷை வாளியில் முக்கினார், ஆனால் சுவரில் வைக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கஷ்டமான பாய்ச்சலைத் தாண்டினால் துடுப்பைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடிப்பது எங்கள் வழக்கம். கூட வந்தவனுக்கு, நன்றாகச் செய்தாய் என்று சொல்கிற மாதிரி. படகில் இருக்கிறவர்களுக்குள் மட்டும்தான் அதைச் செய்வோம். கரையில் நிற்கிறவனுக்கு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

முதல் படகு பாலத்தடிக்கு வந்தது. பின்னால் தவளை. எங்களைப் பார்த்தார். துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து, சுவர்ப்பக்கமாகத் திரும்பி, தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தார். இரண்டாவது படகிலும் துடுப்பு உயர்ந்தது. மூன்றாவதிலும். ஒருவரும் கூப்பிடவில்லை, கத்தவில்லை, படகு போகிற வேகத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு போனார்கள்.

"மாமா, திரும்புங்க" என்றேன். "மாமா!"

அவர் திரும்பினார். ஏணியில் நின்றபடி, கையில் இருந்ததை அப்படியே தலைக்குமேல் உயர்த்தினார். பிரஷ்ஷிலிருந்து வெள்ளைப் பெயின்ட் சொட்டுச் சொட்டாக என் தலையிலும் தோளிலும் விழுந்தது. அவ்வளவு சுத்தக்காரர், ஒரு சொட்டு சிந்தினால் உடனே துணி தேடுகிறவர், கடைசிப் படகு கரையேறும் வரை கையை இறக்கவே இல்லை. நானும் துடைத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் மேலே அவர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.